யார் மேலும் படாத வசவு

ஃபின்லாந்திலிருந்து திரும்பி வந்தவளிடம் எல்லோரும் பனியைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் வானத்தில் பச்சையாக ஆடும் ஒளி, அப்புறம் நடுராத்திரிச் சூரியன். அதெல்லாம் பார்த்தேன், அழகாக இருந்தது, மனசு நிறைந்துவிட்டது. நிறையாமல் நிற்பது வேறொன்று. தம்பெரே நகரில் நான் வேலை பார்த்த ஆலையில், காலை ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், ஏதாவது ஒரு மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: 'பெர்ர்ர்க்கெலே!' ரகரம் நாக்கு நுனியில் அதிர்ந்துகொண்டே நிற்கும். பின்னால் வரும் 'க்கெலே' வெட்டினாற்போல் முடிந்துவிடும். டிசம்பர் மாதத்தில் அங்கே ஒன்பதரை வாக்கில்தான் சூரியன் எழும். எனக்கு அந்தக் குரலில்தான் பொழுது விடியும்.

அது கெட்ட வார்த்தை. நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை. சிங்கப்பெருமாள் கோவிலில் பிறந்து, இப்போது மறுபடியும் ஒரகடத்துக்கு வேலைக்குப் போய் வருகிற ஒரு பெண் அதற்குப் போய் ஏங்குவாளா என்று அம்மா கேட்கிறாள். ஏங்குகிறேன். ஏன் என்று அம்மாவிடம் வாயால் சொல்ல வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு ஃபின்லாந்து அந்நியம் இல்லை. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்பேசி ஆலை ஓடத் தொடங்கியபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்களைவிடச் சில வயது மூத்த அக்காக்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். பன்னிரண்டாவது முடித்த பெண் தன் சம்பளத்தில் அப்பாவின் கடனை அடைத்ததை எங்கள் தெரு அப்போதுதான் பார்த்தது. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர், அதில் பெரும்பாலும் பெண்கள். பிறகு வரி வழக்கு வந்தது; 2014-ல் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் கணக்கில் சேராமல் நின்றது; அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மூடினார்கள். ஐந்து வருஷம் கழித்து, ஃபின்லாந்தின் சாலோ ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. ஒரகடத்தில் நோக்கியாவின் நெட்வொர்க் கருவி ஆலை இன்றும் ஓடுகிறது. பிள்ளைப்பாக்கத்தில் கோன் லிஃப்ட் தயாராகிறது.

இத்தனை இருந்தும் எங்கள் ஊர்க் காதுக்கு நன்றாகப் பழகிய ஃபின்னிஷ் சொல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் தம்பெரேயிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் ஏறி 'நோக்கியா' என்று கேட்டேன். டிரைவருக்குப் புரியவில்லை. 'நொக்கியா', முதல் எழுத்தைக் குறிலாக்கி, அதில் மட்டும் அழுத்தம் கொடுத்து அவர் சொன்னபோதுதான், அக்காக்களின் அடையாள அட்டையில் அத்தனை வருஷம் தொங்கிய சொல்லை அதன் சொந்தக் குரலில் கேட்டேன். ஆட்கள் வந்தார்கள், மெஷின்கள் வந்தன, ஒப்பந்தங்கள் வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் இங்கே ஆங்கிலம்தான் பேசினார்கள்.

அந்தப் பேச்சின் ஓசையை முதலில் சொல்ல வேண்டும். தாழ்ந்த குரல், ஏற்ற இறக்கம் குறைவு. ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசையில் ஓர் அழுத்தம் விழும், மற்றதெல்லாம் சரிவில் இறங்குவது மாதிரி இறங்கும். வாக்கியம் முடியும் இடத்தில் குரல் கரகரத்து அடங்கும். கேள்வி கேட்டால்கூடக் குரல் மேலே ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. நாம் 'வர்றியா' என்பதில் ஓர் 'ஆ' போட்டு வேலையை முடிப்பதுபோல அவர்கள் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'கோ'வைச் சேர்த்துவிடுவார்கள். வல்லினத்தில் மூச்சுக் கலக்காத க, த, ப. இந்தி கற்றுக்கொள்ளும்போது என்னைப் படுத்திய க-க்ஹ தொல்லை அங்கே கிடையாது. குறிலும் நெடிலும், ஒற்றும் இரட்டிப்பும் நம்மைப் போலவே பொருளை மாற்றும். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். படு, பாடு, பட்டு, பாட்டு என்று வளர்ந்த காதுக்கு இது ஒரு சிரமமா? என்னோடு மொழி வகுப்பில் இருந்த ஸ்பானியப் பெண் இதற்காகவே கண்ணீர் விட்டாள். நான் தப்பில்லாமல் சொன்னதும் ஆசிரியை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'உன் நாடு எது?' என்று இரண்டாவது தடவை கேட்டார்.

இன்னொரு சொல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: தலொஸ்ஸனிக்கின்கோ. வீடு, இல், என், உம், ஆ என்ற ஐந்து துண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நாம் 'என் வீட்டிலுமா?' என்போம். 'என்' மட்டும் இடம் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அதே வரிசை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியபோது, ஃபின்னிஷும் துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு தமிழுக்கு உறவு இருக்கும் என்று கருதினார். பின்னால் வந்த மொழியறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஒட்டிச் சொல் கட்டும் பழக்கம் உலகத்தில் பல மொழிகளுக்கு உண்டு, உறவுக்கு அது சாட்சி ஆகாது. ஆனாலும் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பாதிரியார் காதில் எது விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து இங்கே காது கொடுத்தவரும் உண்டு. ஹெல்சிங்கியின் அஸ்கோ பர்போலா சிந்துவெளி எழுத்தின் அடியில் இருப்பது திராவிட மொழி என்று வாழ்நாள் முழுக்க வாதாடி வருபவர்; 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டில் அவருக்குக் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது கொடுத்தார்கள்.

இலக்கணத்தைவிட என்னைப் பிடித்து இழுத்தது ஒரு மூச்சு. ஃபின்லாந்துக்காரர்கள் 'யோ' என்பார்கள், நம் 'ஆமாம்'. அதை வெளியே விடும் மூச்சில் சொல்லாமல் உள்ளே இழுக்கும் மூச்சில் சொல்கிறவர்கள் நிறைய. திடுக்கிட்டவர் மாதிரிக் கேட்கும். திடுக்கிட எதுவும் இருக்காது, 'ஆமாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்று அர்த்தம். கதை சொல்லும்போது எதிரில் ஒருவர் இப்படி மூச்சை இழுத்தால் சொல்கிறவருக்கு ஒரு தெம்பு வரும். நடுவில் மௌனம் விழுந்தால் அதை நிரப்பவேண்டும் என்று யாரும் பதற மாட்டார்கள். நம் ஊரில் இரண்டு பேர் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் 'என்னா, சண்டையா?' என்று மூன்றாவது ஆள் கேட்பார்.

அவ்வளவு அமைதியான மொழிக்குள்தான் அந்த வசவு இருந்தது.

ஒரு ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தைந்து. சரக்கு ஏற்றும் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர் தரையோடு ஊர்ந்து கணுக்காலைப் பிடிக்கும். கன்வேயரின் தலைப்பக்கத்து உருளையில் பேரிங் பிடித்துக்கொண்டது. எங்கள் பிரிவின் மூத்த ஃபிட்டர், அறுபதை நெருங்கியவர், ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினாலே அதிகம். பேரிங்கைக் கழற்றப் புல்லரைப் பூட்டினார். உதவிக்கு ஒரு பயிற்சிப் பெண், பத்தொன்பது இருபது வயது. நான் பக்கத்தில் வரைபடத்தோடு நின்றேன். புல்லரின் கால்களில் ஒன்று நழுவியது. 'வொய்' என்றார். மறுபடி பூட்டி இறுக்கினார், நழுவியது. 'வொய் பெர்க்கெலே.' டார்ச்சை எடுத்துச் சூடு காட்டினார், எண்ணெய் விட்டார், இறுக்கினார். அசையவில்லை. அப்போது தொடங்கியது. ஃபின்னிஷில் ஆறாம் வேற்றுமைக்கு 'ன்' போதும், அதைக்கொண்டு வசவை அடுக்கிக்கொண்டே போகலாம். சாத்தானின் பெர்க்கெலே, பெர்க்கெலேயின் நரகம், நரகத்தின் சாத்தான். ஸாத்தனா, ஹெல்வெத்தி, மறுபடி பெர்க்கெலே. ஒவ்வொன்றும் முதல் அசையில் அடி வாங்கி விழுந்தது. சுத்தியலும் அதே தாளத்தில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சிப் பெண் சர்க்ளிப் பிளையரைக் கீழே போட்டுவிட்டாள். இரும்புத் தட்டில் விழுந்து பெரிய சத்தம். என் தோள்பட்டை தானாக இறுகியது. இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று என் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும்: இதுவரை பேரிங் மேல் இருந்த கோபம் இனி இவள் மேல் திரும்பும், இவள் அம்மா வருவாள், இவள் பிறப்பு வரும், எதற்குப் பொம்பளைக்கு இந்த வேலை என்பதில் போய் முடியும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். அவள் பிளையரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் பேரிங்கைப் பார்த்து இன்னொரு முறை ஸாத்தனா சொன்னார். சற்று நேரத்தில் அது 'டொக்' என்று விட்டுக்கொடுத்து வந்தது. 'நோ நீன்' என்றார், அதாவது 'சரி, ஆச்சு'. கையைத் துடைத்தார், மூன்று பேரும் காபி குடிக்கப் போனோம். அவர் முகத்தில் கோபத்தின் மிச்சம் எதுவும் இல்லை. பெண் தன் நாய்க்குட்டியின் படத்தைக் காட்டினாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து 'யோ' என்றார்.

அந்தக் காபி எனக்கு இறங்கவில்லை. அத்தனை வசவு அந்தக் கூரைக்குக் கீழே கொட்டியிருக்கிறது, யார் மேலும் ஒரு துளி படவில்லை. அப்படி ஒன்று இந்த உலகத்தில் சாத்தியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கவனிக்கத் தொடங்கினேன். பயிற்சிப் பெண்ணும் அதே சொற்களை அதே தாளத்தில் சொன்னாள், யாரும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. வழுக்கிய பாதை, கிளம்பாத வண்டி, ஐஸ் ஹாக்கியில் தவறிய கோல், கொதித்து வழிந்த பால், எல்லாவற்றுக்கும் அந்தச் சொற்கள்தான். கண்ணியமான இடத்தில் பேச அவற்றுக்கு மென்மையான தம்பிகளும் உண்டு: பெர்க்கெலேவுக்குப் பெர்ஹனா, ஹெல்வெத்திக்கு ஹெம்மெத்தி. 'யுமலவுத்தா' என்று ஒன்று. பிரித்தால் 'கடவுளே உதவு'. நாம் அட கடவுளே என்று சலித்துக்கொள்வோம். அவர்கள் அதையே பல்லைக் கடித்துச் சொல்லிக் கடும் வசவாக்கிவிட்டார்கள். பக்கத்து ஸ்வீடன்காரர்கள், எல்லோரிடமும் கருத்துக் கேட்டு நீட்டாமல் மேலே இருந்து உத்தரவு போடும் ஃபின்லாந்து நிர்வாக பாணிக்கு 'மேனேஜ்மென்ட் பை பெர்க்கெலே' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நானும் சொன்னேன். விடியாத ஒரு காலையில் வீட்டுப் பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டது. கையுறையைக் கழற்றி விரலால் நோண்டுகிறேன், விரல் மரத்துப் போகிறது. வாயில் வந்தது தமிழ் இல்லை. அதுவரை எனக்குப் பிடிபடாத நீளத்தில் அந்த ரகரம் தானாக அதிர்ந்தது. மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பாட்டி இறங்கிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக எனக்கு வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் சொல்லாதவர். நின்றார், முறிந்த சாவியைப் பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்து 'யோ' என்றார். பூட்டுக்காரரின் எண்ணைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் நின்று பேசினார்.

அந்தச் சொல் ஒரு காலத்தில் சாமியின் பெயராம். பால்டிக் மக்களின் இடிக்கடவுள் பெர்கூனஸ், அவன் பெயரிலிருந்துதான் பெர்க்கெலே வந்தது என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் கருத்து. கிறித்துவம் வந்ததும் பழைய சாமி பேயானான். ஃபின்னிஷ் பைபிளின் பழைய பதிப்புகளில் பிசாசைக் குறிக்கும் சொல்லே பெர்க்கெலேதான். கர்ஜிக்கும் சிங்கம்போல் அவன் யாரை விழுங்கலாம் என்று சுற்றி வருகிறான் என்று பேதுருவின் நிருபத்தில் வரும். அதைப் படித்த அன்று ஊர் ஞாபகம் நெஞ்சை அடைத்தது. எங்கள் ஊர்ச் சாமியே சிங்கம். பல்லவர் குடைந்த குகையில் பாடலாத்ரி நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். ஆரத்தியின்போது பட்டர் திருநாமத்தை விலக்கி நெற்றிக் கண்ணைக் காட்டுவார். சின்ன வயதில் அந்தக் கண்ணுக்குப் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். உக்கிரமான கோபத்தைக் கும்பிட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது.

சாமியை வசவாக்குவதும் நமக்குப் புதிதில்லை. மூதேவி என்கிறோமே, அவள் ஜேஷ்டாதேவி. பல்லவர் காலக் கோயில்களில் அவளுக்கு மரியாதையான இடம் இருந்தது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இன்றும் அவளைப் பார்க்கலாம். அவளிடம் செல்வம் கேட்டுப் போகிறவர்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிந்துகொள்ளும் அளவுக்கு அவளுக்குக் கூட்டமும் இருந்திருக்கிறது. வழிபாடு ஓய்ந்த பிறகு பெயர் மட்டும் வீட்டுக்குள் வந்து, தூங்கி வழியும் பெண் பிள்ளைகள் தலையில் உட்கார்ந்துகொண்டது. பெர்க்கெலேவும் மூதேவியும் ஒரே மாதிரி விழுந்த சாமிகள். ஒரு வித்தியாசம்தான். அவன் விழுந்து பேரிங்கின் மேலும் பூட்டின் மேலும் நின்றான். இவள் விழுந்தது ஒரு பெண்ணின் மேல்.

தம்பெரேயில் இந்த வசவுக்கு எழுத்திலும் ஒரு வீடு இருக்கிறது. ஊர் நடுவே ஓடும் அருவியாற்றின் கரையில் ஃபின்லேசன் பருத்தி ஆலை, 1820-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கியது. அங்கே மெஷின் பழுது பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர் வைனோ லின்னா. பகலில் ஸ்பேனர், இரவில் பேனா. போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களை அவரவர் வட்டாரப் பேச்சோடு கொண்டுவந்து 1954-ல் 'அறியப்படாத சிப்பாய்' என்ற நாவலை எழுதினார். பதிப்பாளர்கள் அதிலிருந்து வசவுகளையும் இன்னும் சிலவற்றையும் வெட்டித்தான் வெளியிட்டார்கள். வெட்டாத கையெழுத்துப் பிரதி 2000-ல் தனிப் புத்தகமாக வந்தது. நாவல் வந்த மறுவருஷமே, 1955-ல், எட்வின் லைனே எடுத்த சினிமாவும் வந்திருந்தது. டிசம்பர் 6, அவர்களுடைய சுதந்திர தினத்தில் தொலைக்காட்சியில் அதைப் போடுவார்கள். இருபது மார்க்கா நோட்டில் லின்னாவின் முகம் இருந்தது. ஒரு ஃபிட்டரின் முகம், வசவு எழுதியவரின் முகம், நாட்டின் பணத்தில்! எங்கள் மூத்த ஃபிட்டர் பழைய நோட்டு ஒன்றைப் பர்ஸில் வைத்திருந்தார், எனக்குக் காட்டினார். நம்மிடமும் கி. ராஜநாராயணன் கிராமத்துப் பாலியல் கதைகளைக் கூச்சமில்லாமல் தொகுத்தார். பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். படித்தவர்கள் அவற்றைப் பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த மொழி அழுக்கே இல்லாதது என்று சொன்னால் பொய். பெண்ணுறுப்பைச் சொல்லும் ஒரு வசவு அங்கே உண்டு. இளைஞர்கள் அதை வாக்கியத்துக்கு வாக்கியம் செருகுவார்கள். எனக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில், குடித்திருந்த ஒருவன் என் நிறத்தைச் சொல்லி ஏசினான். அது மெஷின் மேல் போன சொல் இல்லை, நேராக என்னிடம் வந்தது, இன்னும் உள்ளே கிடக்கிறது. அதனால் 'அங்கே எல்லாம் நல்லது, இங்கே எல்லாம் கெட்டது' என்று பேசுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். நான் ஏங்குவது ஒரு பட்டறையில், ஒரு சில பேரிடம், தினமும் கேட்ட ஒன்றுக்காக.

ஊருக்குத் திரும்பினேன். ஒரகடம் சாலையின் ஆலைகளில் கோபம் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்ல எனக்குப் பெயர் எதுவும் வேண்டாம், இந்தத் தடத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். மெஷின் நின்றால் மெஷினை யாரும் திட்டுவதில்லை. லைன் லீடர் ஆபரேட்டரைத் திட்டுவார், ஆபரேட்டர் ஹெல்பரை, ஹெல்பர் ஒப்பந்தக்காரன் இறக்கிவிட்ட ஒடிசாப் பையனை. கோபம் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கும். இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு தாய் இழுபடுவாள், ஒரு தங்கை இழுபடுவாள், ஒருவனுடைய பிறப்பு, சாதி. அசலூர்ப் பையன்களைத் திட்டுவதற்கென்றே நம் ஆட்கள் இந்தியில் முதலில் கற்றுக்கொண்டது அம்மாவையும் தங்கையையும் இழுக்கும் இரண்டு வசவுகளைத்தான். அவர்களும் தமிழில் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். 'சாரி மேடம்' என்பார்கள். எனக்கு அந்த சாரிதான் அதிகம் வலிக்கிறது. அந்தச் சொல்லில் இருப்பதே நான்தானே? என் உடம்பும் என் அம்மாவின் உடம்பும்தானே? என் காதில் விழக்கூடாது, என் மேல் கட்டிய சொல் மட்டும் புழங்கலாம் என்றால் அது என்ன மரியாதை?

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் வருவதற்கு முன்பெல்லாம் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் கோயில் பக்கம் வரை தேங்கி நிற்கும். கேட்டைத் திட்ட மாட்டார்கள், ரயிலைத் திட்ட மாட்டார்கள். முன்னால் நிற்கும் பைக்காரனின் அம்மாவைத் திட்டுவார்கள். அவனும் அதே கேட்டுக்குத்தான் காத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் இங்கேயும் வேறு ஒன்று இருந்தது, தம்பெரேக்குப் போய் வந்த பிறகுதான் அது என் காதுக்குத் திரும்பி வந்தது. என் ஆயா, அப்பாவைப் பெற்றவள், அனுமந்தபுரம் பக்கம் ஆடு வளர்த்தவள். காலையில் கண் விழித்ததிலிருந்து திட்டிக்கொண்டே இருப்பாள். பற்றாத அடுப்பை 'எழவெடுத்த அடுப்பு' என்பாள். கிணற்றில் விழுந்த வாளி 'கட்டையில போவ'. வேலியைத் தாண்டிய ஆடு 'பேதியில போவ'. கரன்ட் போனால் 'கருமம் புடிச்ச கரன்ட்டு'. எழவு, கட்டை, கருமம், பாடை எல்லாம் சாவு வீட்டுச் சாமான்கள். பேதி என்பது ஒரு காலத்தில் ஊரைக் காலி செய்த காலரா. ஃபின்லாந்துக்காரர்கள் நரகத்திலிருந்து எடுத்ததை ஆயா சுடுகாட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். வாளியையும் ஆட்டையும் அடுப்பையும் திட்டித் தீர்த்துவிட்டு, எங்களைக் கூப்பிடும்போது 'வா கண்ணு, சாப்புடு' என்பாள். குரலில் காரம் துளியும் மிஞ்சியிருக்காது. மூத்த ஃபிட்டர் காபிக்கு வந்த முகமும் அதுதான்.

ஆயா போய் வருஷமாகிறது. அவள் வயசுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆடு மேய்ந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். எங்கள் தலைமுறைப் பெண்கள் 'ச்சே' என்கிறோம், அதற்கு மேல் போனால் ஆங்கிலத்தில் ஒரு சொல். ஆயாவின் வசவு நாகரிகக் குறைவு என்று நாங்கள்தான் விட்டோம். ஆண்களின் வசவை மட்டும் யாரும் விடவில்லை, அது பட்டறையிலும் கேட்டிலும் சினிமாவிலும் செழித்துக் கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் போட்டுக்கொள்ள இப்போது தமிழில் ஒரு சொல் இல்லை. ஆயாவுடையதை எடுத்தால் வாய் கூசுகிறது, ஆண்களுடையதை எடுத்தால் என் மேலேயே விழுகிறது. போன மாதம் ஆலையில் ஒரு சென்சார் ஒத்துழைக்காமல் பாதி ஷிஃப்டைத் தின்றபோது மெல்ல, வாய்க்குள்ளே, பெர்க்கெலே என்றேன். பக்கத்தில் நின்ற தம்பி, 'என்னா மேடம், சாமி பேரா?' என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

மூத்த ஃபிட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். நேசியார்வி ஏரிக்கரையில் அவருக்கு ஒரு மரக்குடில் இருக்கிறது, கோடையெல்லாம் அங்கேதான். வருஷத்தில் ஓரிரு தடவை வீடியோவில் கூப்பிடுவார். என்னுடைய ஃபின்னிஷ் துருப்பிடித்துவிட்டது, வேற்றுமை உருபுகள் இடம் மாறுகின்றன. அவர் பொருட்படுத்துவதில்லை. பாதி நேரம் இருவரும் பேசாமல் இருப்போம். அவர் பின்னால் தண்ணீர் தெரியும், என் பின்னால் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் கேட்கும். அம்மா எட்டிப் பார்த்து, 'பேசாம இருக்கறதுக்கா இவ்ளோ தூரத்துலேருந்து போன் பண்றாரு?' என்பாள்.

இந்த வருஷம் பனி உருகியதும் படகை இறக்கியிருக்கிறார். மோட்டார் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதிலிருந்து, நடு ஏரியில் மறுபடி நின்றது வரை ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் திரும்பி வந்தது, சொற்கள் அடுக்கத் தொடங்கின. சாத்தானின் கார்புரேட்டர், நரகத்தின் பெட்ரோல் குழாய், பெர்க்கெலே, பெர்க்கெலே, பெர்க்கெலே. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடுநடுவே மூச்சை உள்ளே இழுத்தேன். முடிந்ததும், கார்புரேட்டர் கட்டத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். கடைசியில், மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், ஜூன் கடைசியில் நடுக்கோடைத் திருவிழா வருகிறது, அதற்குள் ஓடாவிட்டால் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றார். அது ஓடக்கூடாது என்று இருக்கிறது எனக்கு.